கைக்கு வந்த வெற்றி யாருடையது?



கடையொன்றில் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். மிச்சக் காசை எண்ணும்போதுதான் தெரியவருகிறது: நீங்கள் கொடுத்தது ஐந்நூறு ரூபாத் தாள், கடைக்காரர் தந்திருப்பதோ ஆயிரம் ரூபாவுக்குரிய மிச்சம். நீங்கள் பொய் சொல்லவில்லை, களவெடுக்கவில்லை, அவருடைய கண்ணை மறைக்கவும் இல்லை. சன நெருக்கத்தில் அவர் விட்ட பிழை அது. அவருக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்தாலும், யாரிடம் கொடுத்தேன் என்று நிரூபிக்க அவரால் முடியாது. என்ன செய்வீர்கள்?

"திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்றே பெரும்பாலோர் சொல்வீர்கள். சொல்வதோடு நில்லாமல் செய்பவர்களும் உங்களுள் பலர் உண்டு. காசு விடயத்தில் நம் மனச்சாட்சி தெளிவாகவே பேசுகிறது. அந்த ஐந்நூறு ரூபாவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் நாமல்லர்.

ஆனால், தவறுதலாக நம் கைக்கு வந்து சேர்ந்தது காசாக அல்லாமல் வெற்றியாக இருந்தால்? அதுவும் ஆண்டாண்டு காலமாக எதிர்த்து விளையாடிவரும் ஒரு கல்லூரிக்கு எதிராக, மைதானம் நிறைந்த மக்கள் பார்த்திருக்க, ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் கிடைத்த வெற்றியாக இருந்தால்? அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியுமா? கொடுக்கத்தான் வேண்டுமா?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் திகதி அமெரிக்காவிலே இரண்டு கல்லூரிகளுக்கிடையில் நடந்த ஓர் உதைபந்தாட்டம் இதே கேள்வியைச் சிலரின் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது. அவர்கள் அதற்குச் சொன்ன விடையை உங்களோடு சேர்ந்து சிந்தித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு என்னும் எண்

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது நமக்குப் பழக்கமான உதைபந்தாட்டமன்று. நம் நாட்டில் றகர் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அது ஓரளவு விளங்கும். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். நீள்வட்டமான பந்தைக் கையிலேந்தி ஓடியோ, தன் பக்கத்தவனுக்கு எறிந்தோ, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் 6 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 1 புள்ளி. எல்லையைக் கடக்க இயலாதபோது தூரத்தில் நின்றே கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகள் பெறுவதும் உண்டு.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி ஓர் எண்ணிலே இருக்கிறது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார் தூரம் முன்னேறுவதற்கு நான்கு முயற்சிகள் மட்டுமே உண்டு. எல்லைக்கோடு 10 யாருக்குள் இருந்தால் அந்த நான்கு முயற்சிகளுக்குள் எல்லையைக் கடந்துவிட வேண்டும். நான்கும் தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஐந்தாவது முயற்சி என்று ஒன்று இந்த ஆட்டத்தில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியிட்ட கல்லூரிகளில் ஒன்று நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகம். மற்றது நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்னும் சிற்றூரிலுள்ள டாட்மத் கல்லூரி. இரண்டும் கல்விக்குப் பெயர்பெற்றவை. இரண்டும் ஆண்டுதோறும் மைதானத்தில் எதிரெதிரே நின்ற பழைய போட்டியாளர்கள். அந்த ஆண்டு கோர்னெல் அணி பெரும் புகழோடு இருந்தது. 18 ஆட்டங்களாக அது தோல்வி கண்டதில்லை. பத்திரிகையாளர் தயாரிக்கும் தேசிய தரவரிசையில் அந்தப் பருவத்தின் சில வாரங்கள் முதலிடத்திலேயே இருந்தது. டாட்மத் அணிக்கு அவ்வளவு சிறப்பான ஆண்டல்ல அது. கோர்னெல் எளிதில் வெல்லும் என்பதே பலரின் கணிப்பு.

கணிப்புப் பிழைத்தது. ஹனோவர் மைதானத்தில் டாட்மத் வீரர்கள் சுவர்போல் நின்று மறித்தார்கள். முதல் மூன்று கால் பகுதிகளிலும் எவரும் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. கடைசிப் பகுதியில் டாட்மத் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. டாட்மத் 3, கோர்னெல் 0.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிஞ்சியிருந்த வேளையில் கோர்னெல் அணி டாட்மத்தின் எல்லைக்கோட்டிலிருந்து 6 யார் தூரம்வரை வந்துவிட்டது. இனி நான்கு முயற்சிகள். முதலாவதில் சுமார் 3 யார் முன்னேறினார்கள். இரண்டாவதில் இன்னும் நெருங்கினார்கள். மூன்றாவதில் மனிதச் சுவரை மோதிப் பார்த்தார்கள்; எல்லைக்கோடு ஒரு யாருக்கும் குறைந்த தூரத்தில் கைக்கெட்டாமல் நின்றது. கடிகாரத்தை நிறுத்துவதற்காக, தமக்கு உரித்தில்லாத ஓய்வைக் கோர்னெல் கேட்டது. அதற்குத் தண்டனையாகப் பந்து 5 யார் பின்னே கொண்டுசெல்லப்பட்டது. நான்காவது முயற்சியில் கோர்னெல் வீரர் வால்ட்டர் ஷோல் எல்லைக்கு அப்பால் பந்தை எறிந்தார். அது எவர் கையிலும் சேராமல் நிலத்தில் விழுந்தது.

அதோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். பந்து டாட்மத்துக்குரியது; வெற்றியும் டாட்மத்துக்குரியது. ஆனால் பிரதான மத்தியஸ்தரான றெட் ஃபிரீசெல் என்பவரின் கணக்கில் எங்கோ ஒன்று தவறிவிட்டது. அனுபவமும் நற்பெயரும் உடைய மத்தியஸ்தர் அவர். இன்னும் ஒரு முயற்சி இருக்கிறது என்று நினைத்துப் பந்தை மறுபடியும் கோர்னெல்லிடமே கொடுத்துவிட்டார். டாட்மத் வீரர்கள் திகைத்தார்கள். சில விநாடிகளே இருந்தன. ஷோல் மீண்டும் எறிந்தார். இம்முறை பில் மேர்பி என்ற வீரர் எல்லைக்கப்பால் அதைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் உதைத்த பந்தும் குறி தப்பவில்லை. கோர்னெல் 7, டாட்மத் 3.

மைதானத்தில் அறிவிக்கப்பட்ட முடிவு அதுதான். கோர்னெல் வென்றது. 18 ஆட்டப் பெருமை 19ஆக வளர்ந்தது.

தந்தி இரண்டு

ஆனால் ஆட்டத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர்கள் தம் குறிப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அன்று மாலையே சந்தேகம் எழுந்துவிட்டது. கோர்னெல் தரப்பினர் ஆட்டத்தைச் சலனப்படமாக எடுத்திருந்தார்கள். படச்சுருள் கழுவப்பட்டதும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய படமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வெற்றிப் புள்ளிகள் ஐந்தாவது முயற்சியில் பெறப்பட்டவை.

இனி நடந்ததைக் கவனியுங்கள். முதலில் மத்தியஸ்தர் ஃபிரீசெல். ஆட்டம் முடிந்ததோடு அவருடைய அதிகாரமும் முடிந்துவிட்டது. தீர்ப்பை மாற்ற அவரால் இயலாது. மௌனமாக இருந்திருக்கலாம். "என் நினைவில் நான்குதான்" என்று சாதித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தவறு தன்னுடையது, முழுவதும் தன்னுடையது என்று எழுத்து மூலமாகவே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

அடுத்து கோர்னெல். அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் எட்மண்ட் எஸ்ரா டே. விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஜேம்ஸ் லைனா. பயிற்றுநர் கார்ல் ஸ்னேவ்லி. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தச் சபையும் அவர்களிடமிருந்து வெற்றியைப் பறித்திருக்க முடியாது. ஆயினும் மத்தியஸ்தரின் ஒப்புதல் வெளியானதும் கோர்னெல்லிலிருந்து டாட்மத்துக்கு ஒரு தந்தி போயிற்று. வெற்றிக்கான உரிமையைக் கோர்னெல் கைவிடுகிறது, டாட்மத்துக்கு வாழ்த்துகள் என்பது அதன் சாரம். டாட்மத்திலிருந்து பதில் தந்தி வந்தது. வெற்றியையும் வாழ்த்தையும் ஏற்றுக்கொண்டு, தன் நீண்டகாலப் போட்டியாளரைக் கண்ணியமிக்க எதிராளி எனப் பாராட்டி வணக்கம் செலுத்தியது டாட்மத். பதிவேட்டில் அந்த ஆட்டத்தின் முடிவு டாட்மத் 3, கோர்னெல் 0 என்று மாறியது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் கோர்னெல் அணி பென்சில்வேனியாவிடம் 22க்கு 20 என்ற கணக்கில் தோற்றது. இதையும் நான் மறைக்காமல் சொல்கிறேன். நேர்மையாக நடந்தவனுக்கு அடுத்த வாரமே பரிசு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் ஆறுதல் தேட முடியாது. கோர்னெல் ஒரு வெற்றியை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக மைதானத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

தியாகமா, நீதியா?

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் வழக்கமாகக் கோர்னெல்லின் பெருந்தன்மையைப் புகழ்வார்கள். நானும் அவர்களை மதிக்கிறேன். ஆனால் 'பெருந்தன்மை' என்ற சொல் சரியானதா என்று ஒரு கணம் நின்று யோசிப்போம்.

உங்களுடைய காசில் ஐந்நூறு ரூபாவை ஏழைக்குக் கொடுத்தால் அது ஈகை. கடைக்காரர் தவறித் தந்த ஐந்நூறு ரூபாவை அவரிடமே கொடுத்தால் அது ஈகையன்று, அது நீதி. ஈகையைச் செய்யாதவனை உலோபி என்று சொல்லலாம்; அநியாயக்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் பிறருடையதைத் தெரிந்துகொண்டும் திருப்பிக் கொடுக்காதவன் நிலை வேறு.

கோர்னெல் தன்னுடையதை டாட்மத்துக்கு ஈந்ததா, டாட்மத்தினுடையதைத் திருப்பிக் கொடுத்ததா? இதற்கு விடை, வெற்றி என்றால் என்ன என்பதில் தங்கியிருக்கிறது. மத்தியஸ்தர் கையால் கொடுக்கும் ஒரு பொருள்தான் வெற்றி என்றால், அவர் யாருக்குக் கொடுத்தாரோ அவருக்கே அது சொந்தம். அப்போது கோர்னெல் செய்தது தியாகம். ஆனால் வெற்றி என்பது ஒரு நிகழ்ச்சி. இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட விதிகளின்படி ஒருவர் மற்றவரைவிட மேலாக ஆடியதே வெற்றி. மத்தியஸ்தர் அதைக் கண்டு சொல்லும் சாட்சியே அன்றி அதை உண்டாக்கும் கர்த்தா அல்லர் என்றால், அந்தச் சனிக்கிழமை ஹனோவரில் வென்றது டாட்மத்தான். இத்தாக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது வெற்றியன்று, அதன் பெயர் மட்டுமே.

இரண்டாவது கருத்தே சரியென்று நான் எண்ணுகிறேன். கோர்னெல் வீரர்களே அதற்குச் சாட்சி. புள்ளிப் பலகை சொல்வதே வெற்றி என்றால், படத்தைப் பார்த்தபின் அவர்களுக்கு ஏன் சங்கடம் வரவேண்டும்? எதுவும் மாறவில்லையே! மாறியது ஒன்றே ஒன்று: தாம் வெல்லவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்கக்கூடியவை

"மத்தியஸ்தர் தீர்ப்பே இறுதியானது என்பது விளையாட்டின் விதியல்லவா? அதை மீறலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த விதி இல்லாவிட்டால் எந்த ஆட்டமும் முடிவுக்கு வராது; ஒவ்வொரு போட்டியும் வழக்காக மாறும். ஆனால் அந்த விதி எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். தோற்றவன் தீர்ப்பை எதிர்த்து வெற்றியை உரிமையாகக் கேட்பதைத் தடுக்கிறது. வென்றவன் தானாகவே உண்மையைச் சொல்வதை அது தடுக்கவில்லை. டாட்மத்துக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. கோர்னெல்லுக்குக் கொடுக்கும் கடமை இருந்தது. இவை இரண்டும் வெவ்வேறு. கடன் பத்திரம் காலாவதியானால் கடன்காரரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அதனால் அவர் பட்ட கடன் இல்லையென்று ஆகிவிடுமா? மற்றவர் நம்மிடமிருந்து பறிக்க முடியாததெல்லாம் நம்முடையது என்று நினைப்பதே நம்மில் பலர் செய்யும் பிழை.

"மத்தியஸ்தர்களின் பிழைகள் இரு பக்கமும் வருபவை, இன்று எனக்குச் சாதகம், நாளை அவனுக்குச் சாதகம், கடைசியில் கணக்குச் சரியாகும்" என்பது இன்னொரு வாதம். தெரியாத பிழைகளைப் பொறுத்தவரை இப்படி நினைத்து மனதை ஆற்றிக்கொள்வதில் தவறில்லை. தெரிந்துவிட்ட பிழையை இந்த வாதத்தால் மூட முடியாது. என்றோ ஒருநாள் வேறொரு கடைக்காரர் எனக்குக் குறைத்துத் தந்திருக்கக்கூடும் என்பதற்காக, இந்தக் கடைக்காரரின் ஐந்நூறு ரூபாவை நான் வைத்துக்கொள்ளலாமா?

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கடினமானது. "வியர்வை சிந்தி ஆடியவர்கள் மாணவர்கள். அலுவலகத்தில் இருக்கும் பெரியவர்கள் தம் மனச்சாட்சியைத் தூய்மையாக வைத்துக்கொள்வதற்காகப் பிள்ளைகளின் உழைப்பைத் தூக்கிக் கொடுக்கலாமா?" இதில் ஓர் உண்மை உண்டு. தலைவர் டே அவர்களே இளமையில் டாட்மத்தில் கற்றவர். ஆகையால் இந்தக் குறையை எவரேனும் கொஞ்சம் கூர்மையாகவே சொல்லியிருக்க இயலும். பிறருடைய பொருளை எடுத்துத் தானம் செய்வது அறமன்று. ஆனால் முன்பு கண்டோமே, இது தானமன்று. மாணவர்களுக்கு உரியதல்லாத ஒன்றைத்தான் பெரியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். உழைப்பு மாணவர்களுடையது, அதை எவரும் பறிக்கவில்லை. அந்தப் பிற்பகல் முழுவதும் உழைத்தும் நான்கு முயற்சிகளில் எல்லையைக் கடக்க முடியவில்லை என்பதே உண்மை. பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகாது.

எல்லாம் இவ்வளவு தெளிவா?

இதுவரை வாசித்துவிட்டு, "அப்படியானால் ஒவ்வொரு மத்தியஸ்தர் பிழைக்கும் வெற்றியைத் திருப்பிக் கொடுப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. முதற்பகுதியில் நடந்த ஒரு சிறு பிழை முடிவை எப்படி மாற்றியது என்று எவராலும் கண்டறிய முடியாது. கோர்னெல் விடயத்தில் பிழை கடைசியில் நடந்தது; எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்தது; அது இல்லாவிட்டால் முடிவு என்னவென்பதில் ஐயமே இல்லை. அதனால்தான் அந்தக் கடமை அவ்வளவு தெளிவாக இருந்தது.

தெளிவில்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி, மிசூரிப் பல்கலைக்கழகமும் கொலராடோப் பல்கலைக்கழகமும் மிசூரியின் மைதானத்தில் மோதின. இவையும் ஒரே குழுவில் ஆண்டாண்டாய் எதிர்த்து ஆடியவை. கடைசி விநாடிகளில் மிசூரி 31, கொலராடோ 27. கொலராடோ எல்லைக்கோட்டின் அருகில் நின்றது. எத்தனையாவது முயற்சி என்பதைக் காட்டும் பலகையை ஒரு தடவை மாற்ற மறந்துவிட்டார்கள். அதனால் கணக்கு ஒன்று பின்தங்கிவிட்டது. ஐந்தாவது முயற்சியிலே, நேரம் முடியும் தறுவாயில், கொலராடோ எல்லையைக் கடந்தது. முடிவு 33க்கு 31, கொலராடோ வென்றது. மத்தியஸ்தர்கள் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். முடிவை மாற்ற வழியில்லை என்று குழுவின் நிர்வாகம் சொல்லிவிட்டது. வெற்றியை விட்டுக்கொடுக்கப் போகிறீர்களா என்ற கேள்வி கொலராடோவின் பயிற்றுநர் பில் மக்கார்ட்னியிடம் கேட்கப்பட்டது. அவர் மறுத்தார். மைதானத்தின் தரை வழுக்கியது, தன் வீரர்கள் ஓயாமல் சறுக்கி விழுந்தார்கள் என்று அவர் காரணம் சொன்னார். அந்தப் பருவத்தின் முடிவில் பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் கொலராடோ நாட்டின் முதல் அணியாகத் தெரிவானது. பயிற்றுநர்களின் வாக்கெடுப்பு வேறோர் அணியைத் தெரிந்தது.

கோர்னெல்லை வாழ்த்தி, கொலராடோவை ஏசி, கட்டுரையை இங்கே முடித்துவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கொலராடோவுக்கு ஒரு நல்ல வாதம் இருந்தது. உண்மையில் நான்காவதாக இருந்த முயற்சியைப் பலகை மூன்றாவது என்று காட்டியது. அதை நம்பிய கொலராடோ வீரர், கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே பந்தை நிலத்தில் எறிந்தார். அது கடைசி முயற்சி என்று தெரிந்திருந்தால் எவரும் அப்படி எறிந்திருக்க மாட்டார்கள்; எல்லையைக் கடக்கவே முயன்றிருப்பார்கள். கோர்னெல் தன் நான்காவது முயற்சியை முழு மனதோடு ஆடித் தவறியது. கொலராடோவுக்கு அந்த நான்காவது வாய்ப்பே பிழையான பலகையால் வீணாகிவிட்டது. பலகை சரியாக இருந்திருந்தால் யார் வென்றிருப்பார்கள்? அது கடவுளுக்கே வெளிச்சம்.

ஆகவே இங்கே விடை அவ்வளவு எளிதல்ல. வெற்றி மிசூரியுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொலராடோவுடையது என்றும் சொல்ல முடியாது அல்லவா? ஐயம் உள்ள இடத்தில் நேர்மை எதைக் கேட்கிறது? குறைந்த பட்சம், ஐயம் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கிறது. "நாமும் அந்தப் பலகையால் ஏமாந்தோம், எனினும் இந்த வெற்றி சந்தேகத்துக்குரியது" என்று சொல்லியிருந்தால் அது வெற்றியைக் கைவிடுவதற்குச் சமமாகாது, உண்மையையும் கைவிடாத வார்த்தையாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது தரை வழுக்கியது என்ற கதை. தரை வழுக்கினால் அது இரு அணிகளுக்கும் வழுக்கும்.

2025இல் காலமான மக்கார்ட்னி தீய மனிதரல்லர். ஆண்களை நல்வாழ்வுக்கு அழைக்கும் ஒரு பெரிய கிறிஸ்தவ இயக்கத்தை அதே 1990ஆம் ஆண்டில் தொடங்கியவர் அவர். பல ஆண்டுகள் கழித்து, அந்த வெற்றியைப் பற்றி மனம் வருந்துவதாக மிசூரி மக்கள் நடுவே அவர் சொன்னார். இதை நான் அவரைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல மனிதருக்கும் வெற்றி கையில் இருக்கும் சூட்டோடு உண்மை பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்காகவே சொல்கிறேன். முதல் நாளிலே சொல்ல முடியாமற் போன ஒரு வார்த்தையை அவர் ஆண்டுக்கணக்காகச் சுமந்திருக்கிறார். அதைச் சொல்லியே இறக்கிவைத்தார் என்பதும் அவருக்குப் பெருமையே.

நமக்கு வரும் ஐந்தாவது முயற்சி

வாசகரே, ஹனோவர் மைதானத்திலோ மிசூரி மைதானத்திலோ நீங்களும் நானும் நிற்கப்போவதில்லை. ஆனால் நமக்குரியதல்லாத ஐந்தாவது முயற்சி நம் ஒவ்வொருவருடைய வாழ்விலும் ஒருநாள் வரும். பரீட்சைத் தாளில் கூட்டற் பிழையால் ஒரு மாணவனுக்குப் பத்துப் புள்ளிகள் கூடிவிடும். அவன் வகுப்பில் முதலாம் பிள்ளை ஆகிவிடுவான். உண்மையான முதலாம் பிள்ளை இரண்டாவதாக நிற்கும். காணி அளக்கும்போது அயல்வீட்டுக்காரரின் இரண்டடி நிலம் நம் வேலிக்குள் வந்துவிடும். அலுவலகத்தில் வேறொருவர் இராப்பகலாகச் செய்த வேலைக்கு மேலதிகாரி நம்மைப் பாராட்டி, பதவி உயர்வுக்கும் பேர் எழுதிவிடுவார். இவற்றில் எதிலும் நாம் களவு செய்யவில்லை. பிறருடைய பிழை, நம்முடைய பேறு.

பிழை நடந்த வேளையில் நாம் குற்றமற்றவர்களே. கோர்னெல் வீரரும் சனிக்கிழமை மாலையில் குற்றமற்றவர்களே. தம் உடைமை என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒன்றை வைத்திருப்பவனை எந்த ஒழுக்க நூலும் குறை சொல்லாது. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. உண்மை தெரியும்வரைதான் அது உயிரோடிருக்கும். படச்சுருளைப் பார்த்த அந்தக் கணத்தோடு சனிக்கிழமையின் அறியாமை முடிந்துவிட்டது. அதன்பின் வைத்திருப்பது ஏமாந்து வைத்திருப்பதாகாது, தெரிந்து வைத்திருப்பதாகும். நம்முடைய சோதனையும் பிழை நடக்கும் வேளையில் வருவதில்லை. வீட்டுக்கு வந்து காசை எண்ணும் வேளையில் வருகிறது. அப்போது பக்கத்தில் மத்தியஸ்தரும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

இன்னும் இரண்டு பேரை நாம் மறந்துவிடக் கூடாது. ஒருவர் ஃபிரீசெல். பிழை விட்டவர் அதை ஒப்புக்கொண்டிராவிட்டால், திருப்பிக் கொடுக்க விரும்பியவர்களுக்கும் வழி கடினமாகியிருக்கும். தாயோ தகப்பனோ, ஆசிரியரோ அதிகாரியோ, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர் "நான் பிழை விட்டுவிட்டேன்" என்று சொல்லும்போது மற்றவர்கள் நேர்மையாக நடப்பதற்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். அதிகாரத்துக்கு அதனால் குறைவு வருவதில்லை. அந்த மத்தியஸ்தரின் பெயரைப் பிழைக்காக மட்டுமன்றி அந்த ஒப்புதலுக்காகவும் இன்று நாம் நினைவில் வைத்திருக்கிறோமே!

மற்றவர் டாட்மத். திருப்பிக் கொடுப்பது கடினம் என்று சொன்னேன். திருப்பிக் கொடுக்கப்படுவதைச் செம்மையாக வாங்கிக்கொள்வதும் எளிதன்று. "எங்களுடையதைத்தானே தந்தீர்கள், இதில் என்ன பெருமை?" என்று டாட்மத் கேட்டிருக்கலாம். கண்டிப்பான கணக்கில் அது சரியாகவும் இருந்திருக்கும். அப்படிக் கேளாமல் எதிராளிக்கு வணக்கம் செலுத்தியது. நீதி செய்தவனை, கடமையைத்தானே செய்தாய் என்று தட்டிவிடாமல் நன்றியோடு நோக்குவதும் நம்மிடையே அரிதாகி வருகிறது. உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து, "தவறி என்னிடம் வந்துவிட்டது, இந்தாருங்கள்" என்று நீட்டினால், "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்?" என்று கேளாதீர்கள். அவர் வந்த வழி உங்களுக்குத் தெரிந்ததைவிட நீளமானது.

நீண்டகாலப் போட்டியாளர் என்ற சொல்லையும் இந்தச் சம்பவம் நமக்குப் புதிதாகக் கற்பிக்கிறது. ஆண்டுதோறும் நம்மை எதிர்த்து நிற்பவரை எதிரி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர் இல்லாவிட்டால் நமக்கு ஆட்டமே இல்லை. நம் வெற்றிக்குப் பெறுமதி தருபவரும் அவரே. அவரிடமிருந்து தவறுதலாக வந்ததை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு எந்த முகத்தோடு அவர் முன்னே போய் நிற்பது? கோர்னெல்லும் டாட்மத்தும் அதன்பின்னும் ஆண்டாண்டாய் மோதின, வென்றன, தோற்றன, கைகுலுக்கின.

இப்போது அந்தக் கடைக்காரரிடம் திரும்பி வருவோம். காசை நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. காசாக அல்லாமல் வேறு உருவில் தவறி வந்து உங்களிடம் தங்கிவிட்டது ஏதேனும் உண்டா? ஒரு பெயர், ஓர் இடம், ஒரு துண்டு நிலம், யாரோ ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பாராட்டு? பதிலை எனக்கு எழுத வேண்டாம். இன்றிரவு, வீட்டார் உறங்கிய பின், ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை நான்கில் முடிகிறதா என்று பாருங்கள்.